மாணவர் நல அலுவலர்: வேலை இருக்கு... புரமோஷன் எங்கே?

கல்லூரியில் வேலை, ஆனால் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. காலை எட்டரைக்கு லேட்டாக வந்து கேட்டில் நிற்கும் பையன் முதல், சாயங்காலம் ஐந்து மணிக்கு "மேடம், ஸ்காலர்ஷிப் இன்னும் ஏறலை" என்று வந்து நிற்கும் பெண் வரை எல்லோரும் உங்களிடம்தான் வருவார்கள். பதவியின் பெயர் 'ஸ்டூடன்ட் அஃபேர்ஸ் ஆபீசர்' என்று இருக்கலாம், 'மாணவர் நல ஒருங்கிணைப்பாளர்' என்று இருக்கலாம், வெறும் 'கவுன்சலர்' என்றும் இருக்கலாம். பெரும்பாலான கல்லூரிகளில் மூன்றும் ஒரே நாற்காலிதான்.

எம்.எஸ்.டபிள்யூ. அல்லது உளவியல் முடித்துவிட்டு 23, 24 வயதில் இந்த நாற்காலியில் உட்காருகிறவர்கள் இப்போது அதிகமாகி வருகிறார்கள். இரண்டு வருஷத்தில் பாதிப் பேர் ஐ.டி. கம்பெனி எச்.ஆருக்குப் போய்விடுகிறார்கள் என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்கிற புலம்பல். எண்ணிக்கை சரியா தெரியாது, காரணம் தெரியும். இந்த வேலையில் அடுத்த படி என்ன என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இந்த வேலையில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஏன் இந்தப் பகுதி என்பது போகப் போகப் புரியும்.

ஏன் இப்போது திடீர் கிராக்கி?

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த மாணவியின் மரணம் தொடர்பான வழக்கு அது. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு, மாணவர் மனநலம் பற்றி 15 வழிகாட்டுதல்களை அறிவித்தது. தனிச் சட்டம் வரும்வரை நாடு முழுக்க இவை கட்டாயம். 100 மாணவர்களுக்கு மேல் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதியுள்ள ஒரு ஆலோசகரையோ, உளவியலாளரையோ, சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும். ஆசிரியர்கள் மட்டுமல்ல, அலுவலக ஊழியர்களுக்கும் வருஷத்துக்கு இரண்டு முறையாவது மனநல முதலுதவிப் பயிற்சி தர வேண்டும். 14416 போன்ற உதவி எண்கள் வகுப்பறையிலும் விடுதியிலும் கண்ணில் படுகிற மாதிரி இருக்க வேண்டும்.

அதற்கு நான்கு மாதம் முன்பு, மார்ச்சில், இதே நீதிமன்றம் உயர்கல்வி நிறுவனங்களில் நடக்கும் தற்கொலைகளைத் தடுப்பதற்காக ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றையும் அமைத்திருந்தது. தமிழ்நாட்டின் கணக்கும் சேர்கிறது. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் 47 சதவீதம், அகில இந்திய அளவில் 28.4. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கு ஹால் டிக்கெட் என்றால் என்ன, அரியர் வந்தால் என்ன செய்வது என்று வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை.

ஆக, ஆள் தேவை. கல்லூரிகள் எடுக்கவும் செய்கின்றன. எடுத்தவரை என்ன செய்வது என்பதில்தான் குழப்பம்.

லைப்ரேரியனுக்கு உண்டு, உங்களுக்கு இல்லை

யுஜிசியின் 2018 விதிமுறைகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உதவிப் பேராசிரியர் எப்படி இணைப் பேராசிரியர் ஆகிறார், எத்தனை வருஷம், என்ன தகுதி என்று பக்கம் பக்கமாக இருக்கும். நூலகருக்கு அதே மாதிரி தனி ஏணி உண்டு. உடற்கல்வி இயக்குநருக்கும் உண்டு. மாணவர் நலனை முழு நேரமாகப் பார்க்கிறவருக்கு அந்த ஆவணத்தில் இடம் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை. மாணவர் மன்றம் நடத்துவது, வேலைவாய்ப்பு ஆலோசனை, என்.எஸ்.எஸ்., விடுதி வார்டன் பொறுப்பு எல்லாம் ஆசிரியரின் பதவி உயர்வுக் கணக்கில் சேரும். அதே வேலையை நாள் முழுக்கச் செய்யும் உங்களுக்கு அது எந்தக் கணக்கிலும் சேராது. வேலைக்கு மதிப்பெண் இருக்கிறது, செய்கிற ஆளுக்கு இல்லை.

அமெரிக்காவில் இது தனித் தொழில். 1937-லேயே அங்குள்ள கல்விக் கவுன்சில் 'மாணவரை முழு மனிதராகப் பார்க்க வேண்டும்' என்ற நோக்கில் ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது. இந்தத் துறைக்கென முதுகலைப் படிப்புகள், சங்கங்கள், பத்துத் திறன்கள் கொண்ட ஒரு பட்டியல் என்று எல்லாம் வந்துவிட்டன. அந்தப் பட்டியலை இணையத்தில் தேடிப் படிப்பதில் தப்பில்லை. ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவந்து 'கரியர் பிளான்' போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அங்கே வளாகத்தில் தங்கிப் படிக்கும் மாணவரை மையமாக வைத்து வளர்ந்த துறை அது. இங்கே உங்கள் மாணவர் கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிறார்.

நமக்கு நெருக்கமான முன்னோடி அமெரிக்காவில் இல்லை, திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. ஃபேக்டரி வெல்ஃபேர் ஆபீசர்.

1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-வது பிரிவு, 500 தொழிலாளர்களுக்கு மேல் உள்ள ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்றது. அவருடைய தகுதி, கடமை, பணி நிபந்தனைகள் என்ன என்பதை மாநில அரசு வரையறுக்கலாம் என்றும் சொன்னது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த 500 என்பது 250 ஆகக் குறைந்திருக்கிறது. இந்தப் பதவி யாரோ நல்ல மனசோடு கொடுத்தது கிடையாது. 1918-ல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து இதே வட சென்னையில்தான் மெட்ராஸ் லேபர் யூனியன் உருவானது. 1931-ல் ராயல் கமிஷன் தொழிலாளர் அலுவலர்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்புறம் சட்டம். எழும்பூரில் 1952-ல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் வந்தது. அந்த மாதிரிக் கல்லூரிகளில் படித்த தலைமுறைகள் ஆலைகளில் வெல்ஃபேர் ஆபீசராக நுழைந்து, பெர்சனல் மேனேஜராகி, எச்.ஆர். தலைவராக ஓய்வு பெற்றார்கள். சட்டம் வந்தது, படிப்பு வந்தது, ஏணி தானாக வந்தது.

250 பேர் வேலை செய்யும் ஆலைக்கு ஒரு நல அலுவலர் என்றால், அதே தெருவில் 3,000 பேர் படிக்கும் கல்லூரிக்கு எத்தனை பேர்? பள்ளிகளைப் பற்றியாவது பேச்சு ஆரம்பித்திருக்கிறது. சாதி மோதல்கள் பற்றி ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பெரிய பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்று பரிந்துரைத்தது. கல்லூரிகளுக்கு அந்தப் பேச்சுகூட எழவில்லை.

இந்த ஏரியாவில் வேலை என்றால் என்ன?

அட்மிஷன், ஐ.டி. கார்டு, கல்ச்சுரல்ஸ் எல்லாம் எங்கேயும் ஒன்றுதான். வட சென்னையில் வேலை வேறு மாதிரி.

ஒரு உதாரணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் ஏலம் இல்லை, ஐஸ் உடைக்கிறவருக்கு வேலை இல்லை, கூடை தூக்குகிற அம்மாவுக்கும் வருமானம் இல்லை. செமஸ்டர் தேர்வும், அடுத்த வருஷத்துக்குப் பணம் கட்டுவதும், தங்கை, தம்பி அட்மிஷனும் வருவது சரியாக இதே இரண்டு மாதத்தில்தான். 'ஃபீஸ் கட்டவில்லை' என்ற லிஸ்டை ஆபீஸிலிருந்து உங்களிடம் கொடுக்கும்போது, அதில் எத்தனை பேர் காசிமேடு, எத்தனை பேர் எண்ணூர் குப்பங்கள் என்று பார்க்கத் தெரிந்தவர்தான் நல்ல அலுவலர். ஜனவரியிலேயே அந்தப் பட்டியலைத் தயார் செய்து, தவணைக்கு நிர்வாகத்திடம் பேசி வைக்கிறவர் இன்னும் நல்ல அலுவலர். எந்த சர்டிபிகேட் கோர்ஸிலும் இதைச் சொல்லித் தரமாட்டார்கள்.

அட்டெண்டன்ஸ் குறைவா? ராத்திரி கண்டெய்னர் யார்டில் டேலி எழுதுகிற பையனாக இருக்கலாம். டெலிவரி ஆப்பில் ஒரு மணி வரை வண்டி ஓட்டுகிறவனாக இருக்கலாம். அவனுக்கு நேர மேலாண்மை பற்றி லெக்சர் கொடுத்தால் 'சரி மேடம்' என்று தலையாட்டிவிட்டுப் போவான், மறுபடி வரமாட்டான்.

2023 டிசம்பரை இந்தப் பகுதி மறக்காது. முதல் வாரம் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்திலும் எர்ணாவூர் வீடுகளிலும் படிந்தது. 26-ம் தேதி நள்ளிரவு பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிவு, மக்கள் மூச்சுத்திணறலோடு இருட்டில் வீட்டை விட்டு ஓடினார்கள். ஜனவரியில் கல்லூரி திறக்கும்போது அந்தத் தெருக்களிலிருந்து வரும் மாணவரின் மனநிலை எப்படி இருக்கும், அவருடைய சர்டிபிகேட்கள் தண்ணீரில் போனதா, டூப்ளிகேட் மார்க் ஷீட்டுக்கு எங்கே எழுத வேண்டும் என்பதெல்லாம் மாணவர் நலம்தான். மற்றபடி 'வெல்னஸ் வீக்' நடத்தி பலூன் கட்டுவது சுலபம்.

இன்னொன்று, ரூட்டு தல. வெளியூர்க்காரர்களுக்கு இது சினிமா மாதிரித் தெரியும். 2024 அக்டோபரில் சென்ட்ரல் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சில நாட்களில் இறந்தே போனார். இதைப் போலீஸ் விஷயமாக மட்டும் பார்த்துப் பார்த்து எத்தனை வருஷம் போய்விட்டது. எந்தப் பையன் எந்த ரயிலில், எந்த கேங்கோடு வருகிறான் என்பது பிரின்ஸிபாலுக்குத் தெரியாது. கேன்டீனில் பசங்களோடு டீ குடிக்கிற நல அலுவலருக்குத் தெரியும். அதே சமயம், அவர் போலீஸுக்குத் தகவல் சொல்கிறவர் என்று பேர் வாங்கிவிட்டால் அன்றோடு எல்லாம் முடிந்தது. இந்தக் கயிற்றில் நடக்கப் பழகுவது இந்த வேலையின் மிகக் கஷ்டமான திறமை என்று நான் நினைக்கிறேன்.

முதல் மூன்று வருஷம்: என்ன கற்றுக்கொள்வது?

முதல் வருஷம் சர்டிபிகேட் கோர்ஸ்களில் பணம் போடாதீர்கள். வார இறுதியில் நடக்கும் 'சர்டிஃபைடு கவுன்சலர்' வகுப்புகளுக்கு நகரம் முழுக்க போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். அதை வைத்து எங்கேயும் சம்பளம் ஏறாது. அதற்குப் பதில் காகிதங்களைக் கற்றுக்கொள்ளுங்கள். நிஜமாகவே, காகிதங்களை.

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது இதே வட சென்னையில், பாரதி மகளிர் கல்லூரியில்தான். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆரம்பித்தது. 2024 ஆகஸ்டில் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. பணம் வரவில்லை என்றால் என்ன காரணம்? பல நேரம் ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு கடைசியாக இணைந்ததோ அந்தக் கணக்குக்குப் பணம் போயிருக்கும். பள்ளியில் படிக்கும்போது அம்மாவோடு சேர்ந்து திறந்து, பிறகு மறந்துபோன கணக்காக அது இருக்கலாம். யுமிஸ் தளத்தில் ஒரு எழுத்து மாறியிருக்கலாம், இனிஷியல் முன்னே பின்னே இருக்கலாம். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு வருட வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வருமானச் சான்று எடுக்கத் தாலுகா ஆபீஸ் அலைச்சல் உண்டு. இதை ஒரு மாணவிக்குச் சரி செய்து கொடுத்துப் பாருங்கள். அடுத்த வாரம் உங்கள் அறை வாசலில் இருபது பேர் நிற்பார்கள். அந்த இருபதில் ஒருத்தி, பேங்க் பாஸ்புக்கைக் காட்டிவிட்டு, போகிற போக்கில் வேறொன்று சொல்வாள். கவுன்சலிங் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 'கவுன்சலிங் அறை' என்று போர்டு வைத்த அறைக்குள் முதல் நாளே யாரும் அழுதுகொண்டு வரமாட்டார்கள்.

இரண்டாவது, சட்டம். இதில் அலட்சியம் காட்டினால் வேலை மட்டுமல்ல, நீங்களே மாட்டுவீர்கள். முதலாமாண்டு மாணவி பல நேரம் 17 வயதுதான். அவர் தனக்கு நடந்த பாலியல் தொல்லையைச் சொன்னால் அது போக்சோ. சட்டத்தின் 19-வது பிரிவுப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும். 'ரகசியம் காப்பேன்னு சொல்லிட்டேனே' என்பது அங்கே செல்லாது, மறைத்தால் தண்டனை உண்டு. ஆகவே ரகசியத்துக்கு எங்கே எல்லை என்பதை உரையாடலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். 18 தாண்டியவர்களுக்கு யுஜிசியின் 2015 விதிமுறைப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்கிறது. 2009 ராகிங் தடுப்பு விதிமுறை, 2023 மாணவர் குறைதீர்ப்பு விதிமுறை இரண்டையும் படியுங்கள். குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும் என்ற ஒரு வரி தெரிந்திருந்தால் போதும், மீட்டிங்கில் உங்கள் குரலுக்கு வேறு மதிப்பு.

மூன்றாவது, உங்கள் எல்லை. தீவிர மன அழுத்தத்துக்கு நீங்கள் சிகிச்சை தரக்கூடாது, தரவும் முடியாது. பக்கத்தில் ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவு இருக்கிறது, 1794 முதல் இயங்கும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது, 1986-ல் தொடங்கிய சிநேகா தற்கொலைத் தடுப்பு மையம் இருக்கிறது. போய்ப் பாருங்கள். புறநோயாளிப் பிரிவு எத்தனை மணிக்கு, எந்த அறை, யாரைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். 'டாக்டரைப் பார்' என்று சொல்வதும், 'செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு வா, நானும் வர்றேன்' என்று சொல்வதும் ஒன்றல்ல.

எழுதி வையுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? பேர் போடாமல், எண் கொடுத்து, என்ன பிரச்சினை, எங்கே அனுப்பினோம், என்ன ஆச்சு என்று தேதியோடு. நாக் மதிப்பீட்டில் ஐந்தாவது அளவுகோலே மாணவர் ஆதரவும் முன்னேற்றமும்தான். கமிட்டி வரும் மாதம் எல்லோரும் பழைய போட்டோக்களைத் தேடி ஓடும்போது, உங்களிடம் மூன்று வருஷக் கணக்கு இருந்தால் சம்பளப் பேச்சுக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. இது கொஞ்சம் சாமர்த்தியப் பேச்சாகத் தோன்றலாம். தோன்றட்டும்.

அப்புறம் எங்கே போவது?

மூன்றாவது வருஷம் ஒரு முடிவு எடுக்க வேண்டும். நான்கு பாதை தெரிகிறது. நான்கும் சமமல்ல.

ஆசிரியப் பக்கம் போகலாம். சமூகப் பணி, உளவியல் இரண்டிலும் நெட் தேர்வு உண்டு, வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. ஜெயித்தால் உதவிப் பேராசிரியர் ஏணியில் ஏறலாம், மாணவர் நலப் பொறுப்பையும் கையில் வைத்துக்கொள்ளலாம். இன்றைய நிலையில் பணிப் பாதுகாப்புக்கு இதுதான் உறுதியான வழி. துறை வளர்வதற்கு இது நல்ல வழியா என்றால், இல்லை. நல்ல ஆட்கள் எல்லோரும் வகுப்பறைக்குப் போய்விடுவார்கள்.

உளவியலில் ஆழமாகப் போகலாம். மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்ள ஆர்.சி.ஐ. பதிவு வேண்டும், அதற்கு அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும். 2021 தேசிய சுகாதாரத் தொழில் வல்லுநர்கள் ஆணையச் சட்டம் ஆலோசகர்களையும் மனநலச் சமூகப் பணியாளர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. நாளைக்குப் பதிவு கேட்டால் காட்டக்கூடிய பட்டம்தானா என்று பார்த்துவிட்டு மேற்படிப்புக்குப் பணம் கட்டுங்கள்.

மூன்றாவது, பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள். அங்கே மாணவர் நல அலுவலகம் தனித் துறையாகவே இருக்கிறது. அசிஸ்டன்ட், மேனேஜர், டைரக்டர் என்று படிகளும் இருக்கின்றன. ஆங்கிலம் வேண்டும், ஊர் மாற வேண்டும். போக விரும்புகிறவர்களைத் தடுக்க நான் யார்? வட சென்னைக் கல்லூரியில் மூன்று வருஷம் தாக்குப் பிடித்தவருக்கு அங்கே இன்டர்வியூவில் சொல்லக் கதை இருக்கும்.

நான்காவதை நிறைய பேர் யோசிப்பதில்லை. மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அசோக் லேலண்ட், காமராஜர் துறைமுகம், திருவொற்றியூர் எம்.ஆர்.எஃப். என்று பெரிய நிறுவனங்கள் இந்தப் பட்டையில் வரிசையாக நிற்கின்றன. கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-வது பிரிவுப்படி குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தை சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும், அதில் கல்வியும் ஒன்று. எந்தக் குப்பத்தில் எத்தனை பேர் டிகிரியைப் பாதியில் விடுகிறார்கள் என்று தெரிந்த ஆள் அவர்களிடம் அரிது. அந்த ஆள் நீங்களாக இருக்கலாம். நிறுவனத்தின் புகையைப் பற்றிக் கேள்வி கேட்கும் மாணவர்களும் உங்கள் மாணவர்கள்தான் என்பதை மட்டும் மறக்காமல் இருக்க வேண்டும்.

வேலையில் சேரும்போதே இரண்டு விஷயம். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுக்காதீர்கள், காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பொறுப்புகளை ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆறாவது மாதம் பஸ் ரூட் போடுவீர்கள், எட்டாவது மாதம் பிளஸ் டூ மாணவர்களுக்கு போன் போட்டு அட்மிஷன் பிடிப்பீர்கள். அட்மிஷன் டார்கெட் வைத்திருக்கும் ஒருவரிடம், 'இந்தக் கோர்ஸ் எனக்கு ஒத்துவரலை' என்று எந்த மாணவர் வந்து சொல்வார்?

இதெல்லாம் தனி ஆள் செய்துகொள்ள முடிந்தது. மீதி அரசு செய்ய வேண்டியது. வட சென்னையில் தியாகராயா கல்லூரி அரசு உதவி பெறுவது. பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரி, ஆர்.கே.நகர் கல்லூரி ஆகியவை அரசுக் கல்லூரிகள். 100 பேருக்கு ஒருவர் என்று நீதிமன்றம் கேட்கவில்லை, 100 பேருக்கு மேல் இருந்தால் குறைந்தது ஒருவர் என்றுதான் கேட்டிருக்கிறது. அந்த ஒருவரைக் கௌரவ விரிவுரையாளர் மாதிரி வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கும் தற்காலிக ஆளாக எடுத்தால், மாணவர் மூன்று வருஷப் படிப்பில் மூன்று பேரிடம் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். நூலகருக்கு இருப்பதுபோலத் தகுதி, ஊதிய விகிதம், பதவி உயர்வு மூன்றையும் எழுதி ஒரு அரசாணை போடலாம். கவுன்சலிங்குக்கும் கட்டணப் பாக்கி வசூலுக்கும் ஒரே ஆளைப் போடக்கூடாது என்று அதிலேயே ஒரு வரி சேர்க்கலாம். அடுத்த தடைக்காலத்துக்கு முன்னால் அது வந்தால், காசிமேட்டிலிருந்து வரும் ஒரு சிலராவது தேர்வுக்கு உட்காருவார்கள்.